பேச்சு என்னைப் பற்றி, பார்வை என் மகன் மேல்

கணக்குப்பிள்ளை (இழையைத் தொடங்கியவர்)

எனக்கு 63 வயது. தணிக்கை வேலை, இன்னும் முழு நேரம் போகிறேன். ஒரு பேரேட்டைக் கையில் கொடுத்தால் எந்த வரியில் பொய் இருக்கிறது என்று சாயங்காலத்துக்குள் சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை, கீழே வரும் கதைக்கு இது தேவை.

போன வாரம் முழங்கால் வலிக்காக ஒரு மருத்துவரிடம் போனேன். மகன் காரில் கொண்டுபோய் விட்டான். வெளியே உட்கார இடமில்லை என்று அவனும் உள்ளே வந்தான். மருத்துவர் காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்து, "அம்மா ராத்திரி நல்லாத் தூங்குறாங்களா?" என்றார். நான் பதில் சொன்னேன். அடுத்த கேள்வியும் அவனுக்குத்தான். "மாத்திரையெல்லாம் மறக்காமப் போடுறாங்களா?" நான் எந்த மாத்திரையும் போடுவதில்லை!

மருத்துவரைக்கூட விட்டுவிடலாம். என் மகன் பதில் சொல்ல ஆரம்பித்தான் பாருங்கள், அதுதான் சுருக்கென்றது. தனி வீட்டில் இருக்கிறவன். நான் எத்தனை மணிக்குப் படுக்கிறேன் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? "தூங்குறாங்க டாக்டர், பரவாயில்ல" என்கிறான். நான் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறேன், நீட்டிய காலோடு.

நரை வந்தது, தெரியும். 44 வயதில் படிப்பதற்கு மூக்குக்கண்ணாடி வந்தது, அதுவும் தெரியும். அதெல்லாம் நானே பார்த்துத் தெரிந்துகொண்டவை. இது அப்படியில்லை. அந்த அறையில் மற்ற இரண்டு பேருக்கும் தெரிந்த ஏதோ ஒன்று எனக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது.

வயதாகிவிட்டது என்று உங்களுக்கெல்லாம் எப்படித் தெரிந்தது? உடம்பு சொல்லியா, மற்றவர்கள் சொல்லியா?


நரைமீசை

உங்களை அம்மான்னு கூப்பிடுறதா தங்கச்சின்னு கூப்பிடுறதான்னு ரெண்டு நிமிஷம் யோசிச்சேன். எனக்கு 67. சரி, மேடம்னே வெச்சுக்கறேன்.

எனக்கு இந்தக் கூப்பிடுற சொல்லுலதான் தெரிஞ்சுது. நம்ம பாஷையில தெரியாத ஆளைக் கூப்பிடணும்னா ஒரு உறவை வெச்சுத்தான் கூப்பிடணும். உறவு வந்தா வயசும் பின்னாடியே வந்துடும். ரொம்ப நாள் தம்பியா இருந்தேன். அப்புறம் அண்ணே. அப்புறம் சார், அது நல்லா ஓடுச்சு. ஒரு நாள் ஒருத்தர் ஐயான்னார். மரியாதையா இருந்துச்சு, நெஞ்சை நிமித்திக்கிட்டேன். மறுநாள் ரோட்டைக் கடக்குறப்போ ஒரு பையன் வண்டியை நிறுத்தி, "பெருசு, பாத்துப் போ"ன்னான். ஐயாவுக்கும் பெருசுக்கும் நடுவுல ஒரே ராத்திரிதான்.

11 வருஷம் டை அடிச்சவன் நான். முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளருது. மூணே வாரத்துல வகிட்டுல வெள்ளைக் கோடு போட்டுடும், ஒரு ஞாயித்துக்கிழமை அதோட போச்சு. கடைசியில ஒரு குரூப் போட்டோவுல என்னைப் பார்த்தேன். கன்னங்கரேல்னு முடி, அதுக்குக் கீழ வேற யாரோட மூஞ்சியையோ ஒட்டி வெச்ச மாதிரி இருந்துச்சு. அன்னியோட விட்டாச்சு. மீசைக்கு மட்டும் இன்னும் ஆறு மாசம் அடிச்சேன். ஏன்னு கேக்காதீங்க.


ஓரப்பார்வை

54 வயதுப் பெண் எழுதுகிறேன். நீங்கள் சொல்வதற்கு நேர்மாறாக ஒன்று சொல்லட்டுமா? யாரும் என்னைப் பார்ப்பதில்லை என்று ஆனதும் எனக்குப் பாதி பாரம் இறங்கியது.

14 வயதிலிருந்து முதுகில் ஒட்டிக்கொண்டிருந்த கண்கள். பேருந்தில், தெருவில், அலுவலகப் படிக்கட்டில். இப்போது ஒன்றுகூட இல்லை. எல்லாம் உதிர்ந்துவிட்டன. தனியாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அரை மணி நேரம் வானத்தைப் பார்க்கிறேன், ஒருவர்கூட வந்து மணி என்ன என்று கேட்பதில்லை. இந்தச் சுதந்திரத்தை யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை.

ஆனால் அதே மறைவு அலுவலகத்தில் நடக்கும்போது வலிக்கிறது. கூட்டத்தில் நான் ஒரு யோசனை சொல்வேன், காற்றில் போகும். பத்து நிமிடம் கழித்து 30 வயதுக்காரர் ஒருவர் அதையே சொல்வார், எல்லோரும் குறித்துக்கொள்வார்கள். அதனால் கணக்குப்பிள்ளை அம்மா சொல்வது எனக்குப் புரிகிறது. பார்க்காமல் விட்டால் நிம்மதி, கேட்காமல் விட்டால் அவமானம்.


இருபத்தெட்டு

பெரியவர்கள் பேசும் இடம், இருந்தாலும் கேட்கிறேன். நாங்கள் என்னதான் செய்ய வேண்டும்? எழுந்து இடம் கொடுத்தால் ஒருவர் முறைக்கிறார். கொடுக்காவிட்டால் இன்னொருவர் முறைக்கிறார். ஒருமுறை ஒரு அம்மாவிடம் பையை வாங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "ஏன், நான் கீழே போட்டுடுவேன்னா?" என்றார். அன்றிலிருந்து யாரையும் எதுவும் கேட்பதில்லை.


நரைமீசை

தம்பி, கேட்டீங்க பாருங்க, அதுவே சரி. கேக்காம புடுங்குறாங்களே, அவங்களைத்தான் முறைக்கணும். அந்த அம்மாவுக்கு அன்னிக்கு நீங்க 20-ஆவது ஆளா இருந்திருப்பீங்க, விடுங்க.


வேர்ச்சொல்

கிழவன் என்ற சொல்லைப் பற்றிச் சின்ன இடைச்செருகல். பழைய அகப்பொருள் இலக்கணத்தில் கிழவன், கிழத்தி என்றால் தலைவன், தலைவி. காதலில் விழுந்து தூக்கம் கெட்டுத் திரிகிற இளசுகள்! கிழமை என்றால் உரிமை. ஞாயிற்றுக்கிழமை என்பது ஞாயிற்றுக்கு உரிய நாள். சங்கப் புலவர்களின் பெயர்களில் வருகிற 'கிழார்' என்பதும் இன்ன ஊருக்கு உரியவர் என்ற பொருளில்தான். உரியவன் என்று இருந்த சொல், எதற்கும் உரிமையில்லாதவன் என்ற தொனிக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதைத் தனியாக ஒரு இழை போட்டுப் பேசலாம்.


நரைமீசை

அப்போ போன மாசம் என்னை யோவ் கிழவான்னு கத்துன ஆட்டோக்காரர் தலைவான்னுதான் கூப்பிட்டிருக்கார். திரும்பி முறைச்சிட்டேனே.


எண்ணும்எழுத்தும்

வயதை வைத்து மனிதரைக் குறைத்து மதிப்பதற்கு ஆங்கிலத்திலேயே தனிச் சொல் 1969-இல்தான் பிறந்தது. 'ஏஜிசம்' என்ற அந்தச் சொல்லை உருவாக்கியவர் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர். இனவெறி, பால்பேதம் போல இதுவும் ஒன்று என்றார். எனக்குத் தோன்றுகிற வித்தியாசம் ஒன்று உண்டு: இதில் மட்டும்தான் இன்றைக்கு இளக்காரமாகப் பேசுகிறவரே நாளைக்கு அந்த இடத்தில் போய் உட்கார வேண்டும்.

இன்னொரு செய்தி. 2002-இல் பெக்கா லெவி என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 50 வயதைக் கடந்த 660 பேரிடம், உங்களுக்கு வயதாவதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று முன்பே கேட்டு வைத்திருந்தார்கள். பல ஆண்டுகள் கழித்து யார் எவ்வளவு நாள் இருந்தார்கள் என்று பார்த்தால், நல்லவிதமாக நினைத்தவர்கள் மற்றவர்களைவிட 7.5 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருக்கிறார்கள்.


குறுக்குக்கேள்வி

உடம்பு நன்றாக இருக்கிறவன் நல்லவிதமாக நினைப்பான், நாளும் அதிகம் இருப்பான். இதில் நினைப்புக்கு என்ன வேலை?


எண்ணும்எழுத்தும்

உடல்நிலை, வருமானம், தனிமை எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகும் வித்தியாசம் நின்றது என்பதுதான் அந்த ஆய்வின் வாதம்.


கணக்குப்பிள்ளை

தணிக்கைக்காரியாகச் சொல்கிறேன், "எல்லாவற்றையும் கழித்துவிட்டோம்" என்று எழுதியிருக்கும் பக்கத்தைத்தான் நான் முதலில் திறப்பேன். நல்லவிதமாக நினை, நீண்ட நாள் இருப்பாய் என்பது இன்னொரு வீட்டுப்பாடம் போலத் தோன்றுகிறது. கோபமாக இருக்கும்போது கோபப்படவும் விடுங்கள்.


மூன்றாம்கால்

வயது 82. கோல் ஊன்றி நடக்கிறேன், பெயர்க்காரணம் அதுதான். ஒற்றை விரலால் தட்டச்சு செய்கிறேன், பிழை இருந்தால் பொறுக்கவும்.

இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். 54, 63, 67. குழந்தைகளா, நீங்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் வேறு வேறு மாதிரி எழுதியிருக்கிறீர்கள்: "நான் இன்னும் கிழம் ஆகவில்லை, என்னை ஏன் அப்படி நடத்துகிறீர்கள்?" அப்படியானால் ஆகிவிட்டவனை அப்படி நடத்தலாமா? பேரேட்டில் பொய் கண்டுபிடிக்க எனக்கு இப்போது தெரியாது. கூட்டலே இரண்டு முறை போட வேண்டியிருக்கிறது. அதனால் மருத்துவர் என் தலைக்கு மேலே பேசலாமா? நீங்கள் ஓடுவது முதுமையைக் கண்டு என்று நினைக்கிறீர்கள். என்னைக் கண்டுதான் ஓடுகிறீர்கள்.

கோபமில்லை. நானும் 60-களில் இதே ஓட்டம் ஓடியவன். காலையில் ஓடுவேன், நிஜமாகவே, நாலு கிலோமீட்டர். பூங்காவில் கோல் ஊன்றி வருகிறவர்களைப் பார்த்தால் பாதை மாறிப் போவேன். தொற்றிக்கொள்ளுமோ என்ற பயம் மாதிரி.

உடம்பு என்ன செய்யும் என்று சொல்கிறேன், யாரும் சொல்வதில்லை. உயரம் குறையும். முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தைகள் வற்றிப்போவதால் அப்படி. பழைய சட்டையைப் போட்டால் முன்னைவிடக் கீழே இறங்கி நிற்கும், சட்டை வளர்ந்துவிட்டது போல. தாகம் தெரியாது, கடிகாரத்தைப் பார்த்துத் தண்ணீர் குடிக்க வேண்டும். தூக்கம் துண்டு துண்டாக வரும். இவற்றில் எதுவுமே நான் பயந்த அளவுக்கு இல்லை. நான் பயப்படாத ஒன்றுதான் அடித்தது: சின்ன வயதில் கூப்பிட்டது போல என்னை 'டேய்' என்று கூப்பிட இனி யாரும் இல்லை. கடைசி ஆள் போய் மூன்று வருடம் ஆகிறது.

ஒரு நல்ல செய்தியும் வைத்திருக்கிறேன். தசையை வயது தின்னும், ஆனால் திருப்பிக் கேட்டால் கொஞ்சம் கொடுக்கும். 1990-இல் வந்த ஓர் ஆய்வில், முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரி வயது 90 ஆனவர்களை எட்டு வாரம் காலால் எடை தூக்க வைத்தார்கள். தொடையின் பலம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. இதைப் படித்த பிறகு நான் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காரப் பழகுகிறேன். முதலில் இரண்டு முறை. இப்போது ஒன்பது.


ஓரப்பார்வை

ஐயா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். பாதை மாறிப் போவேன் என்று எழுதியிருக்கிறீர்களே, நேற்றுக்கூட நான் அதைச் செய்தேன். வேறு என்ன எழுத என்று தெரியவில்லை.


செவிவழி

மூன்றாம்கால் ஐயாவுக்கு வணக்கம். கணக்குப்பிள்ளை அம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும், கோபித்துக்கொள்ளக் கூடாது. நான் காது கேட்கும் திறனைச் சோதிக்கும் வேலையில் 20 வருடமாக இருக்கிறேன். அந்த மருத்துவர் முதல் கேள்வியை உங்களிடமே கேட்டிருப்பாரோ? கையைக் கழுவிக்கொண்டோ, எதையாவது எழுதிக்கொண்டோ, உங்கள் முகத்தைப் பார்க்காமல்? அது உங்கள் காதில் விழாமல் போயிருக்குமோ?


கணக்குப்பிள்ளை

என் காது நன்றாகக் கேட்கும். பக்கத்து அறையில் தொலைபேசி அதிர்ந்தால் எனக்குத் தெரியும்.


ஓரப்பார்வை

இதுதான் பாருங்கள், ஒரு பெண் தன்னை அவமதித்தார்கள் என்று சொன்னால் உடனே அவள் காதில் கோளாறு தேடுவது. காது கேட்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். உரக்கக் கேட்க வேண்டியதுதானே, எதற்கு மகனிடம் போக வேண்டும்?


செவிவழி

மகனிடம் போனது தவறுதான், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் "நன்றாகக் கேட்கும்" என்று வருகிறவர்கள் பொய் சொல்வதில்லை, அதனால்தான் இது கண்ணில் படாமல் வளர்கிறது. உள்காதில் சுமார் 15,000 நுண்மயிர்ச் செல்கள் இருக்கின்றன. மனிதருக்கு அவை ஒருமுறை போனால் திரும்ப முளைப்பதில்லை. உச்சச் சுருதியை வாங்கும் பகுதிதான் முதலில் தேயும். தாழ்ந்த ஒலிகள் அப்படியே இருக்கும். தொலைபேசி மேசைமேல் அதிர்கிற ஓசை தாழ்ந்த ஒலி.

பேச்சில் உயிரெழுத்துகள் கனமாக, தாழ்வாக வரும். ச, ஸ, ஃப போன்றவை மெலிதாக, உச்சத்தில் வரும். அதனால் ஆள் பேசுவது கேட்கும், என்ன பேசினார் என்பது மட்டும் நழுவும். 'காசு'ம் 'காது'ம் ஒன்றுபோல விழும். நமக்குக் காது மங்குகிறது என்று தோன்றவே தோன்றாது, இப்போதெல்லாம் எல்லோரும் முணுமுணுக்கிறார்கள் என்றுதான் தோன்றும். எதிரில் இருப்பவருக்கோ நாம் தடுமாறுவதாகத் தோன்றும். அவர் அடுத்த ஆளைத் தேடுவார்.

இருபத்தெட்டு தம்பிக்கு ஒரு குறிப்பு. வயதானவர்களிடம் சிலர் குரலைக் கீச்சென்று ஏற்றி, குழந்தையிடம் கொஞ்சுவது போல இழுத்துப் பேசுவார்கள். எந்தச் சுருதி போய்விட்டதோ அந்தச் சுருதியில் போய்ப் பேசுகிறார்கள்! தணிந்த குரலில், முகத்துக்கு நேராக, சாதாரணமாகப் பேசினால் போதும்.

கண்ணுக்கும் இதே கதைதான். 40-களில் கண்ணின் வில்லை விறைத்துவிடுகிறது, கண்ணாடி போடுகிறோம், ஒருவரும் கிழம் என்பதில்லை. காதுக்குக் கருவி என்றால் மட்டும் முகம் சுருங்குகிறது. எத்தனையோ பேர் எத்தனையோ வருடம் தள்ளிப்போட்ட பிறகுதான் என் முன்னால் வந்து உட்காருகிறார்கள். 2024-இல் லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் மறதிநோய்க்கு நாம் தடுக்கக்கூடிய காரணங்கள் என்று 14-ஐப் பட்டியலிட்டது. கேட்கும் திறன் குறைவது அதில் ஒன்று. பயமுறுத்தவில்லை, தள்ளிப்போட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.


கணக்குப்பிள்ளை

நான்கு நாள் இந்தப் பக்கம் வரவில்லை. கோபம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

நேற்று மகனிடம் கேட்டேன். "டாக்டர் முதல்ல உன்கிட்டதாம்மா கேட்டார், ரெண்டு தடவை. நீ செருப்பு மாட்டிக்கிட்டு இருந்தே" என்றான். பிறகு கொஞ்சம் தயங்கி, இரண்டு வருடமாக என்னிடம் எல்லாவற்றையும் இரண்டு முறைதான் சொல்கிறேன் என்றான். எனக்குத் தெரியக் கூடாது என்று, இரண்டாவது முறையைக் கொஞ்சம் மாற்றிச் சொல்வானாம். அந்த அறையில் இரண்டு பேருக்கும் தெரிந்து எனக்குத் தெரியாதது இதுதான் போல. மனிதரின் எண்களில் பொய் கண்டுபிடிப்பவள், வீட்டுக்குள் இரண்டு வருடமாக நடந்ததைப் பிடிக்கவில்லை.

தூங்கவில்லை. என் அம்மா நினைவுக்கு வந்தார். 79 வயதில் அவரை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போவேன். "அவங்களுக்குச் சரியாச் சொல்லத் தெரியாது டாக்டர், நான் சொல்றேன்" என்பது என் வசனம். அம்மா ஒரு வார்த்தை பேச மாட்டார், சுவரில் மாட்டியிருக்கும் காதின் குறுக்குவெட்டுப் படத்தையோ இதயப் படத்தையோ பார்த்துக்கொண்டிருப்பார். தெரியாமல்தான் சும்மா இருக்கிறார் என்று நினைத்தேன். வெளியே வந்ததும் ஒரு முறை கேட்டார்: "எனக்கு எங்க வலிக்குதுன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" அன்று சிரித்தேன். கிண்டல் செய்கிறார் என்று.


மூன்றாம்கால்

கிண்டலும்தான் செய்திருப்பார். எங்களுக்கு அதுவும் வரும்.


கணக்குப்பிள்ளை

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். சோதனை செய்துகொண்டேன். ஒரு சின்ன அறை, காதில் ஒரு மாட்டி, பீப் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். தாழ்ந்த ஒலியில் இரண்டு காதும் நன்றாக இருக்கிறது. உச்சச் சுருதியில், 4,000 ஹெர்ட்ஸ் தாண்டினால் கோடு சரிவு போல இறங்குகிறது. வரைபடத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது வருத்தம் இல்லை. இது எங்கள் ஊழியர் ஒருவர் கணக்கில் கொடுத்திருந்தால், எந்த மாதத்தில் சறுக்கல் ஆரம்பித்தது என்று கேட்டிருப்பேன், அவ்வளவுதான்.

கருவி மாட்டிய முதல் வாரம் கொடுமை. என் செருப்புச் சத்தம் எனக்கே பின்னால் யாரோ வருவது போல. தாளைப் புரட்டினால் நெருப்புப் பற்றியது போல. மூளை பழகச் சில வாரம் ஆகும் என்றார்கள், பழகியது. அலுவலகத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை, ஒரே ஒரு புதுப் பையனைத் தவிர. எந்தக் கம்பெனி ப்ளூடூத் என்று கேட்டான்.

முழங்காலுக்காக மறுபடி அதே மருத்துவர். மகனும் வந்தான், நான்தான் வரச் சொன்னேன். இந்த முறை என் காதில் எல்லாம் விழுந்தது. மருத்துவர் பழைய சீட்டைப் பார்த்தார், என் காதுக்குப் பின்னால் பார்த்தார், நேராக மகனிடம் திரும்பி, "அம்மாவுக்கு வலி எப்படி இருக்கு?" என்றார். சரி, காது மட்டும் காரணம் இல்லை என்று அப்போது தெரிந்துகொண்டேன். ஓரப்பார்வைக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

மகன் மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். காரிலேயே சொல்லிவைத்துத்தான் கூட்டிப்போனேன். கேள்வி நடுவில் கொஞ்ச நேரம் நின்றது. மருத்துவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு என் பக்கம் வந்தார். படி இறங்கும்போது வலிக்கிறது, ஏறும்போது இல்லை என்றேன். குறித்துக்கொண்டார்.

மூன்றாம்கால் ஐயா, எத்தனை ஆயிற்று?


மூன்றாம்கால்

பதினொன்று. பன்னிரண்டாவதில் நாற்காலியின் கையைப் பிடித்துவிட்டேன், அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.


நரைமீசை

மேடம், இப்பவாவது தங்கச்சின்னு கூப்பிடலாமா?


கணக்குப்பிள்ளை

கூப்பிடுங்கள் அண்ணே. கொஞ்சம் தணிந்த குரலில்.